வங்கி வீடும் தூக்குக்குண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு சிவில் பிரிவில் தேறியவன். 'தேறியவன்' என்றதும் பின் வரிசையில் யாரோ சிரிப்பது கேட்கிறது. என் சாயில் மெக்கானிக்ஸ் அரியர் ஞாபகம் வந்திருக்கும். அந்த அரியருக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலம், கிளீவ்லாந்து நகரில் பாலங்களைப் பரிசோதிக்கும் பொறியாளராக வேலை பார்க்கிறேன். விடிகாலையிலும் சனிக்கிழமைகளிலும் எனக்கு இன்னொரு தொழில் இருக்கிறது. வங்கி வசமான வீடுகளை 'ஹோல்சேல்' செய்வது. இதைச் சொன்னபோது நம் சங்கச் செயலாளர், "என்னப்பா, கோயம்பேட்டுல வெங்காயம் விக்கிற மாதிரி வீட்டையும் மூட்டை கட்டி விக்கிறியா?" என்று கேட்டார். எனவே முதலில் அதை விளக்கிவிடுகிறேன்.

அங்கே வீட்டுக் கடன் கட்ட முடியாமல் போனால் வங்கி நீதிமன்றம் போகிறது. பிறகு ஷெரிஃப் ஏலம். கட்டுப்படியாகும் விலைக்கு யாரும் கேட்காவிட்டால் வங்கியே வீட்டை எடுத்துக்கொள்ளும். இதற்கு 'ஆர்.இ.ஓ.' வீடு என்று பெயர். நம் ஊரில் அந்தக் காலத்தில் ஜப்தி என்றால் தண்டோரா போடுவார்கள். இப்போது நாளிதழில் சுவாதீன அறிவிப்பு வருகிறது. நான் இங்கிருந்து தேறி வெளியே வந்த 2010-இல் மட்டும் அமெரிக்காவில் 10 லட்சம் வீடுகளுக்கு மேல் வங்கிகள் கைக்குப் போயின. கிளீவ்லாந்தின் ஸ்லாவிக் வில்லேஜ் பகுதி அந்த நெருக்கடியில் நாடு முழுவதும் பேசப்பட்ட இடம். இன்று அந்த வெள்ளம் வடிந்துவிட்டது. ஆனாலும் வங்கி வீடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

வங்கிக்கு வீடு ஒரு சுமை. வரி கட்ட வேண்டும், புல் வெட்ட வேண்டும், பனிக்காலத்தில் குழாய் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே உள்ளது உள்ளபடி என்று மலிவாக விற்றுத் தள்ளப் பார்ப்பார்கள். நான் ஒப்பந்தம் போட்டு, பழுது பார்த்து வாடகைக்கு விடும் ஒருவருக்கு அதை மாற்றி விடுவேன். நம்ம ஊரில் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டு, கிரயத்துக்கு முன்னாலேயே வேறு ஆளுக்குக் கைமாற்றி விடுவார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

ஆனால் வங்கி ஒப்பந்தத்தில் 'இதை வேறொருவர் பெயருக்கு மாற்றக் கூடாது' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதனால் ஒரே நாளில் இரண்டு கிரயம். காலையில் வங்கியிடமிருந்து என் கம்பெனிக்கு, மத்தியானம் என் கம்பெனியிலிருந்து அவருக்கு. அந்த ஒரு நாளைக்கு மட்டும் பணம் கொடுத்து வட்டி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! ஃபேனி மே நிறுவனத்தின் வீடென்றால், முதல் 30 நாள் தாமே குடியிருக்க வாங்குகிறவர்களுக்கு முன்னுரிமை. எங்களைப் போன்றவர்கள் காத்திருக்க வேண்டும். பல பத்திரங்களில், வாங்கிய விலைக்கு மேல் 20 சதவீதத்துக்கு அதிகமாக வைத்து மூன்று மாதத்துக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும்.

கணக்கு எளிது. பழுது பார்த்தபின் வீடு 1,10,000 டாலர் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 70 சதவீதம் 77,000. பழுதுச் செலவு 35,000-ஐக் கழித்தால் 42,000. அதுதான் என் வாடிக்கையாளர் கொடுக்கக்கூடிய உச்ச விலை. என் பங்கு 5,000 போக, வங்கிக்கு நான் 37,000-க்கு மேல் கேட்கக் கூடாது. வங்கி சொல்லும் விலையோ 49,900!

இனி என் ஒரு நாள். காலை 5.30 மணிக்கு எழுந்து எந்த வீட்டுக்கு விலை குறைந்திருக்கிறது என்று பார்ப்பேன். என் ஏஜென்ட் மூலமாக இரண்டு மூன்று ஆஃபர் அனுப்புவேன். 40 அனுப்பினால் ஒன்று தேறும். பதில் சொல்கிறவர் எங்கோ டெக்சாஸில் உட்கார்ந்திருப்பார், வீட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'சரி' என்பார். உடனே மனைவிக்குப் போன் போட்டு, "இன்னிக்கு ஓட்டல்ல சாப்பிடலாம்" என்பேன். திங்கட்கிழமை 'வேறொருவர் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், உங்கள் உச்ச விலையைச் சொல்லுங்கள்' என்று கடிதம் வரும். அன்று வீட்டில் ரசமும் அப்பளமும்தான்! நான் ஒரு நாள் தாமதித்தால் தினம் 100 டாலர் அபராதம். வங்கி ஒரு மாதம் தாமதித்தால் ஒன்றும் கிடையாது.

இப்போது அந்த அரியர் விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பனிக்காலம். மேலே சொன்ன கணக்கு அந்த வீட்டின் கணக்குதான். வங்கி 37,000-க்கு இறங்கி வந்தது. 2,000 டாலர் முன்பணம் கட்டினேன். வாங்குகிறவர் லாரி ஓட்டும் ஒரு பெரியவர். ஏற்கெனவே என்னிடம் இரண்டு வீடு வாங்கியவர். "நீ இன்ஜினீயர், நீ பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டு நெப்ராஸ்கா பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

கிரயத்துக்கு மூன்று நாள் இருந்தது. கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். நிலவறைச் சுவருக்கு அழகாகப் பலகை அடித்திருந்தார்கள். முதல்முறை அதைத் தட்டிப் பார்த்து 'நல்லா இருக்கு' என்று எழுதிவிட்டு வந்தவன் நான்தான். இப்போது ஈரத்தில் ஒரு பலகை ஊதிக் கழன்று நின்றது. பின்னால் டார்ச் அடித்தேன். சிமெண்ட் பிளாக் சுவரின் பாதி உயரத்தில், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை படுக்கைவாட்டில் ஒரு விரிசல். ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டித் தூக்குக்குண்டாகத் தொங்கவிட்டேன். சுவர் இரண்டு அங்குலம் உள்ளே வந்திருந்தது.

கிளீவ்லாந்து களிமண் பூமி. தண்ணீர் குடித்து, பனியில் உறைந்து, வருஷா வருஷம் சுவரைத் தள்ளும். பக்கவாட்டு மண் அழுத்தம்! நம் பேராசிரியர் கரும்பலகையில் முக்கோணம் போட்டு, "மண்ணு சும்மா நிக்குதுன்னு நினைக்காதீங்கடா, அது தள்ளிக்கிட்டே இருக்கும்" என்பார். அந்தக் கேள்வியைச் சாய்ஸில் விட்டுத்தான் நான் அரியர் வைத்தேன்.

சரிசெய்ய 12,000 டாலராவது ஆகும். அதைக் கழித்தால் பெரியவருக்கு அந்த வீடு 30,000-க்கு மேல் கட்டாது. வங்கியிடம் விலை குறைக்கக் கேட்டேன். 'உள்ளது உள்ளபடி' என்று ஒரே வரியில் பதில் வந்தது. பரிசோதனைக் கெடு முடிந்துவிட்டதால் நான் விலகினால் முன்பணம் போகும். பலகையை மறுபடி அடித்துவிட ஆறு ஆணி போதும். என் காரில் சுத்தியல் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கால் மணி நேரம் நான் அந்த நிலவறையில் சும்மா நின்றேன்.

பிறகு பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். முதல் தடவை சரியாகப் பார்க்காதது என் தவறு என்றும் சொன்னேன். சிறிது நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. "சரி, என் பணத்தைத் திருப்பிக் கொடு" என்றார். அன்றே கொடுத்தேன். வர வேண்டிய 5,000 போய், கையில் இருந்த 2,000-மும் போயிற்று. குழந்தையின் காப்பகக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் அது. மனைவி கேட்ட ஒரே கேள்வி: "முதல் தடவையே பலகையைக் கழட்டிப் பாத்திருக்கலாம்ல?" பதில் சொல்ல முடியவில்லை.

அதன்பின் அந்தப் பெரியவர் என்னிடம் வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் கூப்பிட்டார். வேறொருவரிடம் ஒரு வீடு வாங்கப் போவதாகவும், நான் வந்து நிலவறையைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். போனேன். சுவர் நேராக இருந்தது. அவர் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன். இதில் எனக்கு ஒரு காசு லாபம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த ஆறு ஆணியை அடித்திருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை. இந்தத் தொழிலில் ஒரே மாதத்தில் லட்சாதிபதி ஆகலாம் என்று வகுப்பு நடத்திக் காசு பார்ப்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். மாணவர் விசாவிலோ ஹெச்-1பி விசாவிலோ போகிறவர்கள் இதில் கால் வைக்கவே கூடாது. நானே கிரீன் கார்டு வந்த பிறகுதான் தொடங்கினேன். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இல்லினாயில் 2019 முதல், 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் இப்படிக் கைமாற்றினால் தரகர் லைசென்ஸ் வேண்டும்.

இன்னொன்று. எந்தப் பாடம் எப்போது கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே தம்பி தங்கைகளே, சாயில் மெக்கானிக்ஸைச் சாய்ஸில் விடாதீர்கள்!

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பலகையைக் கழற்றுகிறேன். என் பையில் நூலில் கட்டிய அந்த நட்டு இன்னும் இருக்கிறது. இன்று மேடைக்கு வருமுன் பேராசிரியரிடம் அதைக் காட்டினேன். கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்பவாவது பாஸ் பண்ணியே" என்றார்.