வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள்



தொழிலாளர் வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வேலைநிறுத்தத்தில் ஆபத்தான நாள், அது முடிந்து திரும்ப உள்ளே போகிற நாள்தான். சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் 37 நாள் வெளியே நின்றார்கள். ஸ்டிரைக் செய்ததற்காக யாரையும் பழிவாங்குவதில்லை என்று நிர்வாகம் ஏற்ற பிறகே உள்ளே போனார்கள். 2025 பிப்ரவரியில் சங்க நிர்வாகிகள் மூவர் சஸ்பெண்ட்! ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம். பழிவாங்கல் என்றது சங்கம்.

சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தமாக எழுத்துமூல அனுமதி இல்லாமல் யாரையும் நீக்கக் கூடாது. 1947-ஆம் வருடச் சட்டத்தில் இது 33-ஆவது பிரிவு. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பில் 90-ஆவது பிரிவு. ஆனால் அதே தொகுப்பு, எல்லா நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. அது தவறினால் ஸ்டிரைக்கே சட்டவிரோதம். நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்?

குடோனில் மூட்டை தூக்கும் கான்ட்ராக்ட் ஆள் பாடு இன்னும் மோசம். அவருக்குப் பெரும்பாலும் டிஸ்மிஸ் ஆர்டரே கிடையாது. "நாளையிலேர்ந்து வராதே", அவ்வளவுதான். அங்கே வேலை பார்த்ததையே கோர்ட்டில் முதலில் நிரூபிக்க வேண்டியிருக்கும். தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர் எல்லாத்தையும் இப்பவே ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வச்சுக்கச் சொல்லுங்க.