கயிறு பிடிக்கிற பாட்டு

('இன்றைய வாழ்க்கையில் திரைப்பாடல்கள் துணையா? தொல்லையா?' என்னும் தலைப்பில் தூத்துக்குடியில் நடந்த பட்டிமன்றத்தில், 'துணையே' என்ற அணியில் பேசியது)

எதிரணியில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிற நண்பர்களே! வேர்வையும் உப்புக்காற்றும் ஒன்றாய் அடித்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற தூத்துக்குடிப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். "லாரிக்காரன் பாட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டுறான். பின்னால நாம அடிக்கிற ஹாரன் அவன் காதுல விழலை. பாட்டுதான் ரோட்டுல திரியுற எமன்" என்றார். நண்பரே, நீங்கள் லாரிக்குப் பின்னால் போனவர். நான் லாரிக்குள்ளே உட்கார்ந்து போனவன். (சிரிப்பு, கைதட்டல்)

அய்யா, இந்த ஊரில் லாரியைப் பற்றிப் பேசாமல் எதைப் பற்றிப் பேச முடியும்? 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட ஊர். 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டு, 2011-ல் அந்தப் பெரியவர் பெயரையே தாங்கிக்கொண்ட துறைமுகம். கப்பல் கரையோடு நின்றுவிடும். அதற்கு மேல் சரக்கு எப்படிப் போகிறது? உப்பளத்து உப்பும், கப்பலில் வந்த முந்திரிக்கொட்டையும், மரத்தடியும், கன்டெய்னரும் லாரி மேலேதான் போகின்றன. காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லரைப் பார்த்திருக்கிறீர்களா? முன்பாகம் ஒரு தெருவில் இருக்கும், பின்பாகம் இன்னொரு தெருவில் இருக்கும். வளைவு வந்தால் ஓர் ஆள் இறங்கி, பெண்ணழைப்பு ஊர்வலத்துக்கு வழி விடுகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டே நடந்து போவார். (சிரிப்பு)

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி. உப்பு லோடு ஏற்றிக் கொல்லத்துக்குப் போவார். திரும்பும்போது கிடைத்ததை ஏற்றி வருவார். ஒரு கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப் போனார். திருநெல்வேலி தாண்டி, தென்காசி தாண்டி, செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய். முன் கண்ணாடிக்கு மேலே ஒரு பக்கம் பனிமய மாதா, ஒரு பக்கம் திருச்செந்தூர் முருகன், நடுவில் டேப்ரிக்கார்டர். மூன்று பேருக்கும் ஒரே மாலைதான்! (சிரிப்பு)

அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கேசட் பதிகிற கடை உண்டு. சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால், வெறும் கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவார்கள். 'அன்னக்கிளி' வந்த 1976-க்குப் பிறகு அந்தச் சீட்டில் பாதிக்கு மேல் இளையராஜாதான். அண்ணாச்சியின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். வரிசை இருக்கிறதே, அது ஒரு படிப்பு! ஊர் எல்லை தாண்டுகிற வரை பக்திப்பாட்டு. சமவெளியில் சோகப்பாட்டு. மலை ஏறும்போது சோகம் கூடாது, துள்ளுபாட்டு. ராத்திரி இரண்டு மணி முதல் நாலு மணி வரைக்கும் எதிலும் சேராத சில பாட்டு. "இது என்ன அண்ணாச்சி?" என்றேன். "தம்பி, மத்ததெல்லாம் கேக்குற பாட்டு. இது நான் பாடுற பாட்டு. எனக்கு வரி தெரிஞ்ச பாட்டு மட்டும்தான் அந்த நேரத்துக்கு" என்றார்.

அவர் குரல் நல்ல குரல் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். (சிரிப்பு) ஆனால் அதில் ஒரு ரகசியம் இருந்தது. பக்கத்தில் கிளீனர் பையன் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பான். கேசட் பாடிக்கொண்டிருக்கும், அண்ணாச்சியும் கூடப் பாடிக்கொண்டிருப்பார். ஒரு வரியை அண்ணாச்சி விட்டுவிட்டால் போதும், கேசட் மட்டும் தனியாகப் பாடினால் போதும், அந்தப் பையன் துள்ளி எழுந்து அவர் தோளைத் தட்டுவான். "அண்ணாச்சி, டீ!" என்பான். வண்டி ஓரம் கட்டப்படும். மூஞ்சியில் தண்ணீர் விழும்.

எதிரணி நண்பர்களே, நீங்கள் தொல்லை என்கிறீர்களே, அந்தப் பாட்டு அங்கே என்ன வேலை செய்தது? இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அது உடனே புரியும். முத்துக்குளிக்கிற தோணியில் என்ன நடந்தது? ஒருவர் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிஷம் கடலுக்கு அடியில் இருப்பார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்தபடி நிற்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் மேலே இழுக்க வேண்டும். தாமதித்தால் உயிர் இல்லை. அதனால்தான் கயிறு பிடிக்க மச்சானை வைப்பார்கள் என்று சொல்லுவார்கள். தன் அக்கா தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அவன் அசர மாட்டான் என்ற நம்பிக்கை! (பலத்த கைதட்டல்)

அந்த லாரியில் பாட்டுதான் கயிறு. கிளீனர் பையன்தான் மச்சான்.

உழைப்பும் பாட்டும் சேர்ந்து நடந்த கரை அய்யா இது. கரைவலை இழுக்கவும் துடுப்புப் போடவும் மீனவர் பாடிய அம்பாப் பாட்டு என்ன, பொழுதுபோக்கா? ஒருவர் முன்னால் எடுத்துக்கொடுப்பார், மற்றவர் ஏலேலோ போடுவார்கள். பத்துக் கை ஒரே நேரத்தில் இழுக்கும். படகில் இன்ஜின் வந்தது, துடுப்பு போனது. துடுப்போடு பாட்டும் போனது. இன்ஜின் சத்தத்துக்கு மேலே எவன் பாடுவான்? லாரியில்தான் இன்ஜினோடு சேர்ந்தே பாட்டு உட்கார்ந்துகொண்டது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே நாட்டுப்புற இசைக்குள்ளேயே லாரிக்காரர் பாட்டு என்று தனி வகையே இருக்கிறது. 1963-ல் டேவ் டட்லி என்பவர் 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோட்' என்று ஒன்று பாடினார். ஆறு நாள் ரோட்டிலேயே கிடந்துவிட்டு இன்றைக்கு ராத்திரி வீடு போய்ச் சேரப்போகிறவனின் பாட்டு. அதில் அவன் என்ன ஒப்புக்கொள்கிறான் தெரியுமா? தூங்காமல் இருக்க மாத்திரை போடுகிறேன் என்கிறான்! அப்புறம் நாட்டுப்புறப் பாட்டோடு ராக் கிடாரைக் கலந்து ஒரு பாணி வந்தது. 'அலபாமா' என்ற குழு 1984-ல் பதினெட்டுச் சக்கர லாரிக்கு ஒரு பாட்டுப் போட்டது. அப்பா லாரி டிரைவர். திங்கட்கிழமை காலையில் புறப்படுகிறார். 'வண்டி ஓடட்டும்னு பாடுங்க, நான் வந்துருவேன்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். பனியில் லாரி மடங்கிச் சாய்ந்துவிட்டது, ஆளைக் காணோம் என்று வீட்டுக்குப் போன் வருகிறது. அந்த அம்மாவும் பிள்ளைகளும் தூங்காமல் காத்திருக்கிறார்கள். மறுபடியும் போன் மணி அடிக்கிறது. எடுத்தால், அப்பாவின் குரல்! அய்யா, கிடாரை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தை வைத்தால் அது நம்ம மட்டக்கடைத் தெருவில் நடக்கிற கதை. (கைதட்டல்)

நம்ம டிரைவருக்கு அப்படி ஒரு பாட்டு உண்டா? 1981-ல் சிவாஜி 'லாரி டிரைவர் ராஜாக்கண்ணு'வாக வந்தார். ஆட்டோக்காரருக்கு 1995-ல் 'பாட்ஷா' வந்தது, இன்றைக்கும் ஆயுத பூஜைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் அந்தப் பாட்டுத்தான். லாரிக்காரருக்கு ஊரே சேர்ந்து பாடுகிற பாட்டு வாய்க்கவில்லை. அவர் என்ன செய்தார்? காதலனுக்கு எழுதின பாட்டையும், தாலாட்டையும், எவனோ எவளையோ பிரிந்து பாடினதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் வீட்டைப் பார்க்காதவன் கேட்டால் எந்தக் காதல் பாட்டும் மனைவியைப் பற்றிய பாட்டுத்தான்.

நடுவர் அய்யா, நான் எங்கள் அணிக்குக் கொஞ்சம் துரோகம் செய்யப்போகிறேன். (சிரிப்பு) பாட்டு களைப்பைத் தீர்க்கும். தூக்கத்தைத் தீர்க்காது. தூக்கத்தைத் தூங்கித்தான் தீர்க்க வேண்டும். நம்முடைய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அதே 1961-ல்தான் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம். அஞ்சு மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வு. அந்தச் சட்டம் அப்படித்தான் சொன்னது. ரோட்டில் இருக்கிறதா? லோடு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் யார் வாடகையில் பிடிக்கிறார்கள்? 2025 அக்டோபர் முதல் செய்கிற கனரக லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது. நல்ல விஷயம். இந்த ஊர் வெயிலில் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு நல்லது என்று தெரியும். ஆனால் குளுகுளு கேபினில் தூக்கமும் நன்றாகவே வரும்!

இப்போது கேசட் இல்லை, பென் டிரைவ். ஆயிரம் பாட்டு அடங்கும். ஆனால் பல லாரிகளில் கிளீனர் இல்லை. ஓர் ஆள் சம்பளம் மிச்சம். கயிறு இருக்கிறது அய்யா. மேலே பிடிக்கிற கையைத்தான் எடுத்துவிட்டார்கள். பழி மட்டும் பாட்டு மேலே!

அண்ணாச்சி இன்னும் ஓட்டுகிறார். ராத்திரி டீக்கடையில் வண்டியை நிறுத்தி வீட்டுக்குப் போன் போடுவார். மதினி முதலில் கேட்பது 'சாப்பிட்டியளா' என்று இல்லை, "கூட யாரு வந்திருக்கா?" என்றுதான். ஒரு நாள் இவர் விளையாட்டாக, "எஸ்.பி.பி. வந்திருக்காரு" என்றிருக்கிறார். மதினி சொன்னாராம்: "அவரு நல்லாப் பாடுவாரு. நீங்க கண்ணசந்தா தோளைத் தட்டுவாரா?"

மணி அடித்துவிட்டார்கள். பாட்டு துணைதான் என்பதில் நான் மாறவில்லை. மதினிக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் எதிரணியும் எங்கள் அணியும் சேர்ந்தே யோசிக்கட்டும். (பலத்த கைதட்டல்)