சாயமும் உப்பும் மரபணுவும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபணு சிகிச்சை ஒரு சிறு பகுதி. குறையுள்ள மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணுவைச் செலுத்துதல் என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். வீரபாண்டிப் பிள்ளைகள் விடுவதில்லை. "ஊசி போட்டா அது எப்படிங்க மிஸ் செல்லுக்குள்ள போகும்?" என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த கேள்வியும் அதுதான்.

தானாகப் போகாது. ரத்தத்திலுள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். தப்பித்துப் போனாலும் அது எதிர்மின் சுமை கொண்டது. செல் சவ்வின் வெளிப்புறமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும்.

இந்த இடத்தில் நான் சாயப்பட்டறைக்குப் போய்விடுவேன். பல பிள்ளைகளின் அப்பாக்களுக்கு அங்கேதான் வேலை. பருத்தித் துணி தண்ணீரில் நனைந்ததும் எதிர்மின் தன்மை பெறுகிறது. ரியாக்டிவ் சாயமும் எதிர்மின் தன்மை உடையது. உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளுதல் மட்டுப்பட்டு, சாயம் துணியை நெருங்குகிறது. பிறகு சோடாவைச் சேர்த்துக் காரத்தன்மையைக் கூட்டினால் இழையோடு பிணைகிறது. (அந்த உப்பு நொய்யலை என்ன செய்தது என்பது தனிப் பாடம்.)

உடம்புக்குள் இப்படி உப்பைக் கொட்ட முடியாதே! அங்கே உதவுவது கொழுப்பு. சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள உருண்டை. ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடுக்கலாம். அதிலுள்ள ஒருவகைக் கொழுப்பு, அமிலத்தில் நேர்மின் சுமை ஏற்கும். தயாரிக்கும்போது அமிலக் கரைசலில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறது. ரத்தத்தின் பி.எச். 7.4, அங்கே ஏறக்குறைய நடுநிலையாகிவிடுகிறது. செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது. பைக்குள் அமிலத்தன்மை கூடக்கூட மறுபடி நேர்மின் சுமை பெற்று, பையின் சவ்வைக் குலைக்கிறது, ஆர்.என்.ஏ. வெளியே வருகிறது. அதிலும் சிறு பங்குதான் வருகிறது. சோடா சேர்க்கும் நேரம் தெரிந்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது.

2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பட்டிசிரான் மருந்தும், பின்னர் வந்த எம்.ஆர்.என்.ஏ. கொரோனா தடுப்பூசிகளும் இவ்வழியில் வந்தவை. ஆனால் ரத்தத்தில் செலுத்தும் உருண்டைகளில் பெரும்பாலானவை கல்லீரலுக்கே போய்ச் சேர்கின்றன. மூளைக்கோ தசைக்கோ அனுப்புவது இன்னும் கடினம்.

நம் மாநிலத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் ஹீமோஃபிலியா ஏ நோய்க்கு மரபணு சிகிச்சை செய்திருக்கிறார்கள். அங்கே சுமந்து சென்றது கொழுப்பு உருண்டை அல்ல, மாற்றியமைக்கப்பட்ட வைரஸ். நோயாளியின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, எட்டாம் உறைதல் காரணிக்கான மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினார்கள். அதற்கு முன் கடுமையான மருந்துகளும் தரவேண்டும். 5 பேர், எல்லோரும் பெரியவர்கள். கண்காணித்த காலத்தில் நோயால் ரத்தக்கசிவு ஏற்படவில்லை என்று 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின.

செய்தியைக் கேட்ட ஒரு தாய் என்னிடம் வந்தார். "ஏனுங்க டீச்சர், வேலூருக்குக் கூட்டிட்டுப் போனா ஒரே ஊசியில சரியாப் போயிருமுங்களா?" ஒரே ஊசி இல்லை, இன்னும் ஆய்வு நிலைதான் என்றேன். அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் காரணி ஊசியை மட்டும் விட்டுவிடாதீர்கள், மற்றதை மருத்துவரிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. அடுத்த ஆண்டு இந்தப் பாடத்தை அவனுக்கும் நடத்த வேண்டும்.