கைக்கு வந்ததெல்லாம் கைப்பொருள் ஆகாது
(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பழையாறையில் தோன்றிய அமர்நீதி நாயனார் ஒரு வணிகர். திருநல்லூரில் மடம் அமைத்து, அடியார்களுக்கு அமுதும் கோவணமும் அளித்து வந்தார். பிரமசாரி வடிவில் வந்த இறைவன், தம் கோவணம் ஒன்றை அவரிடம் அடைக்கலமாகக் கொடுத்துவிட்டு நீராடச் சென்றார். திரும்பி வந்து கேட்டபோது அது காணப்படவில்லை. ஈடாகத் தராசில் வைத்த பொருள் எதுவும் போதவில்லை. இறுதியில் நாயனார், மனைவியோடும் மகனோடும் தாமே தட்டில் ஏறினார். தராசு நேர் நின்றது. சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடிய வரலாறு இது.

அடைக்கலப் பொருள் அற்பமானதா, அரியதா என்று நாயனார் பார்க்கவில்லை. அது பிறருடையது என்பதே அவருக்குப் போதுமாயிருந்தது. இவ்வறம் கோயில் வாயிலோடு நின்றுவிடுவதன்று. மாதச் சம்பளக் கணக்கு வரையிலும் தொடர வேண்டியது.

எடுத்துக்காட்டாக, மாதம் 3,000 வெள்ளி சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர், ஜூன் 15ஆம் நாளோடு வேலையிலிருந்து விலகுகிறார் என்று கொள்க. சம்பளப் பட்டியல் முன்னரே தயாராகிவிட்டதால், முழு மாதச் சம்பளமும் வங்கியில் சேர்ந்துவிடுகிறது. இரண்டு மாதம் கழித்து, 1,500 வெள்ளியைத் திருப்பித் தருமாறு பழைய நிறுவனத்திலிருந்து கடிதம் வருகிறது. அதற்குள் அப்பணம் வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் போய்விட்டது. "தவறு அவர்களுடையது, நாம் ஏன் கொடுக்க வேண்டும்? பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பணமா?" என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

இயல்பான பேச்சுத்தான். ஆயினும், தவறு யாருடையது என்பது வேறு; பணம் யாருடையது என்பது வேறு. செய்யாத வேலைக்கு வந்த ஊதியம் அன்பளிப்பன்று, அடைக்கலம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 73ஆம் பிரிவில் இதையே விதிக்கிறது: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும்.

வேலையில் இருப்பவராயின், முதலாளி சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார். தவறுதலாக முந்திய மூன்று மாதங்களில் கூடுதலாகக் கொடுத்ததைப் பிடித்துக்கொள்ள, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 24ஆம் பிரிவில் இடமளிக்கிறது. விலகிச் சென்றவரிடம் பிடிப்பதற்குச் சம்பளம் இல்லை. கேட்கலாம், மறுத்தால் நீதிமன்றத்தை நாடலாம். கட்டாயம் தளர்ந்த அந்த இடத்திலேதான் ஒருவரின் நேர்மை உரைகல்லில் ஏறுகிறது.

அதற்காக, கடிதம் கண்டவுடன் கேட்ட தொகையைக் கணக்கின்றிக் கொடுத்துவிடுவதும் முறையன்று. முதலில், பழைய அலுவலகத்தைத் தாம் அறிந்த எண்ணிலேயே அழைத்து, கடிதம் உண்மையானதுதானா என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு, கணக்கை எழுத்து வடிவில் கேட்டுப் பெறவேண்டும். மேற்சொன்ன 1,500 வெள்ளியில், ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 165 வெள்ளி, முன்னரே பிடிக்கப்பட்டிருக்கும். சொக்சோ முதலிய பிற பிடித்தங்களை விட்டுப் பார்த்தாலும், கைக்கு வந்தது 1,335 வெள்ளியே. சேமநிதியில் சேர்ந்துவிட்ட தொகையை எவ்வாறு சரிசெய்வது என்பதை முதலாளி தெளிவுபடுத்த வேண்டும். வருமான வரிக்கான இ.ஏ. பாரத்திலும் உண்மைச் சம்பளமே இடம்பெற வேண்டும். எடுக்காத விடுப்புக்கு ஊதிய பாக்கி இருப்பின், அதையும் கழிக்கச் சொல்லலாம்.

ஒரே முறையில் செலுத்த இயலாதவர் மறைந்து திரியத் தேவையில்லை. மாதம் 150 வெள்ளியென்று தவணை கேட்டு எழுதலாம். பணத்தை நிறுவனத்தின் கணக்கிலேயே செலுத்தி, ரசீதும், பாக்கி இல்லையென்ற கடிதமும் பெற்று வைத்துக்கொள்வது நலம்.

பெரிய நிறுவனம் என்று சொல்லப்படும் இடத்திலும் அப்பட்டியலைத் தயாரித்தவர் ஓர் எழுத்தர். அவரும் மாதச் சம்பளக்காரர். திரும்பாத பணத்துக்கு மேலதிகாரி முன் பதில் சொல்லி நிற்பவர் அவராகவும் இருக்கலாம்.

தராசுக்குத் தட்டுகள் இரண்டு. கூடுதலாக வந்ததை ஊழியர் திருப்புவது போலவே, குறைவாகக் கொடுத்ததை முதலாளி நிரப்ப வேண்டும். வீட்டில் எழுந்த கேள்விக்கு அந்த ஊழியர் கூறும் விடையைப் பிள்ளையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிச் செலவுக்குப் போன பணத்தைத் தந்தை தவணையில் திருப்புவதைக் காணும் பிள்ளை, அப்பள்ளிப் பாடத்தினும் பெரிய பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளும்.

அனைவர் இல்லத்திலும் தராசு நேர் நிற்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.