லைச்சியா, மாவா? 110 வாளித் தண்ணீர்க் கணக்கு

(திருகோணமலை அன்புவழிபுரத்தில் நடந்த வீட்டுத்தோட்ட வகுப்பில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை. தோட்டத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.)



1977ஆம், 1983ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து இந்த மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் பல. அதனால் இங்கே பல வீட்டுக்கு ஒரு சொந்தம் இன்னும் ஹட்டன் பக்கமோ பதுளைப் பக்கமோ தோட்டத்தில் இருக்கிறது. அவர்கள் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ இங்கே வரும்போது ஒரு பையில் கன்று கொண்டுவருகிறார்கள். திரும்பிப் போகும்போது இங்கிருந்து மாங்கன்று கொண்டுபோகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கொண்டுவந்த கன்று எல்லாம் வந்த இடத்தில் காய்க்குமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி இதுதான்: "வீட்டு வளவில் லைச்சி வைக்கலாமா, மா வைக்கலாமா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் மா வையுங்கள். லைச்சிக்கு இங்கே தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏன் என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

முதலில் நம் இடத்தைப் பார்ப்போம். திருகோணமலையில் வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. கேட்டால் நல்ல மழை மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் கச்சான் காற்று. மலையில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய், சூடாக இறங்கி வருகிற காற்று அது. நுவரெலியாவில் குடை பிடிக்கிற அதே ஆடி மாதத்தில்தான் இங்கே கிணறு வற்றுகிறது. ஒரே தென்மேற்குக் காற்றுத்தான். அங்கே நனைக்கிறது, இங்கே காய்ச்சுகிறது.

இப்போது லைச்சிக்கு வருவோம். லிச்சி என்றும் சொல்வார்கள். நம்ம ரம்புட்டானுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். பிறந்த ஊர் தென் சீனா. இந்தியாவில் பீகார் மாநிலத்து முசாபர்பூர் இதற்குப் பேர்போன இடம். அங்கே விளைகிற 'ஷாஹி' லிச்சிக்கு 2018இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே எப்படிக் காய்க்கிறது என்றால், மார்கழி தையில் இரவுக் குளிர் 10 பாகைக்கும் கீழே போகும். அந்தக் குளிரும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால்தான் லைச்சி மரம் தளிர் விடுவதை நிறுத்திப் பூ எடுக்கும். குளிர் இல்லாவிட்டால் இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும்.

நமக்கு இங்கே மார்கழியிலும் இரவு 20 பாகைக்குக் கீழே போவது அரிது. அதுவும் மழைக்காலம். ஆகவே லைச்சி வளர்ந்தாலும் பூக்காது. தப்பித்தவறிப் பூத்துக் காய் பிடித்தாலும், சூடான வறட்டுக் காற்றில் பழத்தின் தோல் வெடித்துவிடும். பீகாரிலேயே வெப்பக் காற்று அடிக்கிற வருடங்களில் அந்தச் சேதம் உண்டு. அதோடு அது வேருக்கு எப்போதும் ஈரம் கேட்கிற மரம். பச்சைப் பசேல் என்று நிற்கிறதே, காய்க்காமலா போகும் என்று கன்று விற்கிறவர்கள் சொல்வார்கள். பச்சையாக நிற்பது வேறு, காய்ப்பது வேறு. தேயிலையில் 'பன்ஜி' விழுவதைப் பார்த்தவர்கள் நாங்கள். இலை இருக்கும், கொழுந்து வராது. அது மாதிரித்தான் இதுவும்.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் வெட்ட வேண்டாம். நிழலுக்கு நிற்கட்டும். ஆனால் கச்சான் காலத்தில் உங்கள் வாளி முதலில் மாங்கன்றுக்குப் போகட்டும்.

மாமரம் இதற்கு நேர்மாறு. பூப்பதற்கு முன்னால் அதற்கு இரண்டு மாதமாவது காய்ச்சல் வேண்டும். ஈரம் இருந்துகொண்டே இருந்தால் அதுவும் இலைதான் விடும். பூக்கிற நேரம் மழையும் பனிமூட்டமும் வந்தால் பூங்கொத்து கறுத்து உதிர்ந்துவிடும். உயர்ந்த தோட்டங்களில் மாமரம் சரியாகக் காய்க்காததற்கு இதுவும் குளிரும்தான் காரணம். ஆகவே நம் காய்ச்சல் நிலம் மாமரத்துக்குக் குறை இல்லை, அது வரம். கறுத்தக்கொழும்பான், அம்பலவி, விலாட் எல்லாம் வரண்ட பகுதியில் பழகின இனங்கள். வளவு சிறிது என்றால் ஒன்று போதும்.

ஆனால் ஒரு விஷயம். வளர்ந்த மாமரம்தான் வறட்சியைத் தாங்கும். கன்று தாங்காது. வேர் கீழே இறங்கும் வரைக்கும், அதாவது முதல் இரண்டு கச்சானையும், நாம்தான் தாண்டிக் கொடுக்க வேண்டும். மாங்கன்று பட்டுப்போவது பெரும்பாலும் அந்த இரண்டு வருடத்துக்குள்தான். எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்கிறோம்.

புரட்டாதியிலேயே கிடங்கு வெட்டி வையுங்கள். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல்மண்ணை ஒரு பக்கமும் கீழ்மண்ணை மறுபக்கமும் போடுங்கள். அடியில் தேங்காய் மட்டையைக் குழிப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். அது மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதற்கு மேல், மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். ஐப்பசி மழை இரண்டு தரம் பெய்து மண் இறங்கிய பிறகு கன்றை நடுங்கள். மழைக்காலம் முழுக்க வேர் ஓடக் கிடைக்கும்.

விதைக்கன்று வேண்டாம், ஒட்டுக்கன்றாக வாங்குங்கள். விதைக்கன்று காய்க்கப் பல வருடம் போகும், தாய்மரத்துப் பழம்தான் வரும் என்பதும் நிச்சயமில்லை. ஒட்டுக்கன்று மூன்றாம் நான்காம் வருடத்தில் காய்க்கும். ஒட்டின இடம் மண்ணுக்கு மேலே நிற்கணும். அதற்குக் கீழே முளைக்கிற தளிரை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டு செத்து, அடிக்கன்றுதான் மரமாக நிற்கும். எந்த இனம், எங்கே வாங்குவது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேளுங்கள்.

அடுத்தது மூடாக்கு. இளந்தேயிலைக்கு மானாப்புல் வெட்டிப் போட்டோமே, அதே வேலைதான். இங்கே வைக்கோல், சருகு, வேலிக் கிளிசரியா இலை எதையும் போடலாம். நாலு விரல் கனம் போடுங்கள். ஆனால் தண்டில் முட்டக்கூடாது, ஒரு சாண் தள்ளிப் போடணும். முட்டினால் கறையான் ஏறும், தண்டு அழுகும். முதல் கச்சானுக்கு மேற்குப் பக்கமாக ஒரு கிடுகு மறைப்புக் கட்டுங்கள். ஆடு மாடு வராமல் சுற்றி அடையுங்கள்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. கன்றுக்கு ஒன்றரை அடி தள்ளி, 10 லீற்றர் பிடிக்கிற ஒரு மண்முட்டியைக் கழுத்து மட்டும் புதையுங்கள். வர்ணம் பூசாத முட்டியாக இருக்கணும். அதில் ஊற்றுகிற தண்ணீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும், வெயில் குடிக்காது. முதல் கச்சானில் கிழமைக்கு மூன்று தரம், இரண்டாவது கச்சானில் கிழமைக்கு இரண்டு தரம் நிரப்புங்கள். ஐந்து மாதத்துக்கு 22 கிழமை. முதல் வருடம் 66 வாளி, அடுத்த வருடம் 44 வாளி. மொத்தம் 110 வாளி, 1,100 லீற்றர். மாசி பங்குனியில் மண் காய்ந்தால் அப்போதும் இடைக்கிடை ஊற்ற வேண்டிவரும். அரிசி களைந்த தண்ணீர், மரக்கறி கழுவின தண்ணீர் எல்லாம் ஊற்றலாம். கிணற்றுத் தண்ணீர் கச்சானில் உவர்த்தால் ஊற்றாதீர்கள். இலை ஓரம் கருகினால் அது உப்பின் அடையாளம்.

முட்டியின் வாயைச் சிரட்டையாலோ ஓட்டுத்துண்டாலோ இறுக்கமாக மூடுங்கள், இடுக்கு இருந்தால் துணியும் கட்டுங்கள். இதை மறக்கவே கூடாது. 2017இல் இந்த மாவட்டத்தில், கிண்ணியாப் பக்கத்தில், டெங்கு எவ்வளவு உயிரைக் கொண்டுபோனது என்று உங்களுக்குத் தெரியும். மாங்கன்றுக்கு வைத்த முட்டி நுளம்புக்குத் தொட்டில் ஆகக்கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த 110 வாளியை யார் தூக்குவது? வேலையும் செய்து, சமைத்து, பிள்ளையையும் பார்க்கிற அம்மாதான் அதையும் தூக்க வேண்டுமா? ஆண்களே, இரண்டு கன்று வைக்க ஆசைப்பட்டால் 220 வாளி என்று எண்ணிக்கொள்ளுங்கள். யார் எந்த நாள் ஊற்றுவது என்று நடுகிற அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். ஐந்து கன்று வைத்து ஐந்தையும் சாகக் கொடுப்பதைவிட, ஒன்றை வைத்து ஒன்றைக் காப்பாற்றுவது மேல். லைச்சிக்குப் போகிற ஒவ்வொரு வாளியும் அந்தத் தாயின் இடுப்பில் ஏறுகிற வாளிதான். அது காய்க்காது என்று தெரிந்தும் தூக்க வைப்பது நியாயமா?

கன்று மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். மூன்று நான்கு கிளையை நாலு பக்கமும் விடுங்கள். முதல் இரண்டு வருடம் பூ வந்தால் கிள்ளி எறியுங்கள், மனம் வராது, ஆனாலும் எறியுங்கள். காய்க்கத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் கவ்வாத்து. கவ்வாத்து வெட்டுவது எப்படி என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் தேயிலை மாதிரி அடியோடு வெட்டிவிடாதீர்கள். உள்ளே வெளிச்சம் போகிற அளவுக்கு, கைக்கு எட்டுகிற உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காய்க்கிற மரத்துக்கு மழை விட்டதும் தண்ணீர் ஊற்ற அவசரப்படாதீர்கள். பூத்து, காய் பட்டாணி அளவு வந்த பிறகு ஊற்றினால் போதும். காய் பருத்ததும் கடதாசிப் பை கட்டினால் பழ ஈ குத்தாது.

இதைப் பத்திரிகையில் வாசிக்கப் போகிற தோட்டத்து மக்களுக்கும் ஒரு வார்த்தை. புதிய வீட்டுத் திட்டங்களில் உங்களில் பலருக்கு 7 பேர்ச்சஸ் காணி கிடைத்திருக்கிறது. அது சுமார் 1,900 சதுர அடி. வீடு போக மிச்சம் கொஞ்சம்தான். அதில் ஒரு மரம், வீட்டு அத்திவாரத்திலிருந்து தள்ளி. உயர்ந்த மலையில் மா வைத்து ஏமாற வேண்டாம். அவகாடோ, பேரி, மரத்தக்காளி என்று உங்கள் குளிருக்கு ஏற்றவை இருக்கின்றன. குளிர் உள்ள இடத்தில் லைச்சி ஒன்றை வைத்துப் பார்க்கவும் உங்களுக்கு வழி உண்டு, இங்கே உள்ளவர்களுக்கு இல்லை. திருகோணமலைச் சொந்தத்துக்குக் கன்று கொண்டுவராதீர்கள். பழம் கொண்டுவாருங்கள், இங்கிருந்து மாம்பழம் கொண்டுபோங்கள்.

1867இல் லூல்கந்துரவில் தேயிலை வைத்த காலத்திலிருந்து நம் ஆட்கள் எத்தனை கோடிச் செடி நட்டிருப்பார்கள்! ஒன்றும் நம்முடையது இல்லை. லயத்துக் காம்பிராவில் இருக்கிறவன் பத்து வருடத்து மரம் வைக்க யோசிப்பான், நாளைக்கு எங்கே இருப்போமோ என்று. இன்றைக்கு ஒரு துண்டு வளவு உங்கள் பேரில் இருக்கிறது என்றால், அதில் நிற்கிற மரம் பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வராதவர்கள் அதைக் கேட்டு வாங்குவதையும் கிடங்கு வெட்டுகிற வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழை தொடங்க முன்னே கிடங்கு தயாராகட்டும். கன்று நட்டவர்கள் சொல்லி அனுப்புங்கள், முதல் கச்சானில் நாங்கள் வந்து பார்ப்போம்.