கல்லூரிச் சின்னங்களும் நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கல்லூரி மரபுகளைப் பற்றியும் அவற்றின் சின்னங்களைப் பற்றியும் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். மெட்ரிகுலேஷன் தேறியதும் ரயில்வேக் குமாஸ்தா நாற்காலியில் அமர்ந்தவருக்குக் கல்லூரியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆயினும், பார்சல் அலுவலகம் நமக்கு ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. பெட்டி எவ்வளவு பெரியதாயினும், அதில் ஒட்டிய சீட்டுப் போயிற்றென்றால் அஃது எவருடையது என்று கூற எவராலும் இயலாது. கல்லூரிச் சின்னமும் அத்தகையதொரு சீட்டே.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குரிய நிறம் கருஞ்சிவப்பு. அறிஞர் குழு கூடி ஆராய்ந்து தேர்ந்த நிறமன்று அது. 1858-ஆம் ஆண்டு படகுப் போட்டிக்குச் சென்ற மாணவர்கள், கரையில் நிற்போர் தம் அணியை இனங்கண்டுகொள்ளட்டும் என்று, அந்நிறக் கைக்குட்டைகளை வாங்கி அணிந்துகொண்டனர். பல்கலைக்கழகம் அதனை முறைப்படி ஏற்றது 1910-இல் தான்! 1865-இல் அங்குப் பேஸ்பால் ஆடியோர் தம் சட்டையில் 'எச்' என்னும் எழுத்தைத் தைத்துக்கொண்டனர். முக்கியமான ஆட்டத்தில் களம் இறங்காதவன், பருவ முடிவில் அச்சட்டையைத் திருப்பித் தந்துவிட வேண்டுமாம். என்ன கண்டிப்பு பாருங்கள்! இன்றோ, காசு கொடுத்தால் எந்தக் கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையும் கிடைத்துவிடுகிறது. வாங்குவதில் குற்றமில்லை, ஆனால் அச்சட்டை எதற்கும் சாட்சி சொல்லாது.

நம் பிள்ளைகள் விரும்பி அணியும் பிளேசர் பிறந்ததும் படகுத்துறையிலேதான். கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிப் படகோட்டிகளின் மேலங்கி தீப்போல் சிவந்திருந்தமையால் அப்பெயர் பெற்றது என்பர். அதே கேம்பிரிட்ஜிலிருந்து வந்த பாதிரிமார் தில்லியில் தொடங்கியதே செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி. 1881-இல் சாந்தினி சவுக்குப் பகுதியின் ஒரு சிறு வீட்டில் ஐந்தே மாணவரோடு அது தொடங்கியது. பின்னர்க் காஷ்மீரி கேட்டுக்கு மாறியது. 1941-இல் இன்றுள்ள வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. காஷ்மீரி கேட்டிலுள்ள பழைய கட்டடத்தில் இன்று தேர்தல் அலுவலகம் நடக்கிறது. 1899-இல் கினாரி பஜாரில் தோன்றிய இந்துக் கல்லூரியும் அதே வழியில் காஷ்மீரி கேட்டுக்கு வந்து, அங்கிருந்து புறப்பட்டு, இன்று ஸ்டீபன்ஸின் எதிரிலேயே நிற்கிறது. போட்டியும் உடன் குடிபெயர்ந்தது! இவ்விரண்டும், 1917-இல் தோன்றிய ராம்ஜஸ் கல்லூரியும் சேர்ந்தே 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகமாயின.

கட்டடம் மாறினாலும் மரபு மாறவில்லை. ஏன்? பெயரையும் நிறத்தையும் பழைய புகைப்படங்களையும் அவர்கள் விடாது எடுத்துச் சென்றனர். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. பல்கலைக்கழகம் தோன்றிய மறு ஆண்டே, 1923-இல், நம்மவர் இத்தலைநகரில் ஒரு கல்விச் சங்கம் கண்டனர். மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் என்பது அதன் அன்றைய பெயர். தெற்கிலிருந்து யார் வந்தாலும் வடநாட்டார்க்கு மதராசியே அன்றோ! அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. இங்கே அமர்ந்திருப்போருள் பலர் அப்பள்ளிகளில் படித்தவர்கள். சிலருடைய பாட்டனாரும் அங்கே பயின்றிருக்கலாம்.

அன்பர்களே, அக்கல்லூரிகளுக்குச் சுவரில் மாட்டிய படங்கள் உண்டு. நம் குடும்பங்கள் இந்நகரில் படித்த கதையோ நம் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கிறது. அணிக்கேற்ற நிறத்துப் பட்டை, சட்டையில் குத்திய தகரச் சின்னம், ஓட்டப் பந்தயத்தில் பெற்ற பித்தளைக் கிண்ணம், வகுப்போடு எடுத்த புகைப்படம், பள்ளி ஆண்டு மலர் ஆகியவையே அவை. 'மதராசி' என்ற பழம்பெயர் அச்சிட்ட சான்றிதழ் ஒன்று எவரிடமேனும் இருக்குமாயின், அஃது ஒரு சிறு கல்வெட்டே ஆகும்.

சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலான ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாய்க் கட்ட 2016-இல் அரசு முடிவு செய்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறையாய் வாழ்ந்த குவார்ட்டர்ஸ்கள் ஒவ்வொன்றாய்க் காலியாயின. காலி செய்யும் நாளில் கபாடிவாலா தராசோடு வாயிலில் நிற்பான். அவனுக்கு ஆண்டு மலரும் பழைய செய்தித்தாளும் ஒரே விலைதான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. "இது என்ன குப்பை?" என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்லாத நாமே அதனை அவன் தராசில் ஏற்றுகிறோம்.

ஆகவே நம் வேண்டுகோள் இது. அத்தகைய பொருள் உங்கள் இல்லத்தில் இருப்பின், சங்க நூலகத்திற்குக் கொணர்க. தர மனமில்லையேல் வேண்டா. படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். தாய்மார்கள் பரணை ஒருமுறை பார்க்க வேண்டும். ஆடவர்க்கு அங்கே இருப்பது தெரியாது. பொருளோடு ஒரு துண்டுத்தாளில் யாருடையது, எந்தப் பள்ளி, எந்த ஆண்டு என்று எழுதி இணைத்திடுக. புகைப்படமாயின் நிற்போர் பெயரை இடமிருந்து வலமாய்ப் பின்புறம் பென்சிலால் எழுதுக, மை ஊறிவிடும். பெயர் சொல்லக்கூடிய முதியோர் வீட்டில் இருக்கும்போதே எழுதுக.

ஞாயிறுதோறும் முற்பகலில் நாம் நூலகத்தில் இருப்போம்.