வன்முறையைத் தடுக்கும் ஆராய்ச்சிப் பணி

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய மாணவி ஒருத்தி தன் தந்தையாருடன் என்னைக் காண வந்தாள். நம் சங்கத்தின் உதவித்தொகை பெற்றுப் பயின்றவள். இப்போது சமூகவியலில் முதுகலை படிக்கின்றாள். “ஐயா, வன்முறை நிகழ்ந்த பின் விசாரிக்கக் காவல்துறை உண்டு, தண்டிக்க நீதிமன்றம் உண்டு. நிகழாமலே தடுப்பதற்கு ஆராய்ச்சி செய்யும் அரசுப் பணி ஏதும் உண்டா?” என்று கேட்டாள். தந்தையார் குறுக்கிட்டு, “ஆராய்ச்சியெல்லாம் நமக்கு எதற்கு ஐயா? டீச்சர் வேலைக்குப் போகச் சொல்லுங்கள்” என்றார். அன்று இருவர்க்கும் தக்க விடை கூற என்னால் இயலவில்லை. அதன்பின் நான் படித்தறிந்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

அத்தகைய பணி உண்டு. அமெரிக்க நாட்டின் அட்லாண்டா நகரில் நோய்த் தடுப்புக்கென ஒரு நடுவண் அரசு மையம் இருக்கின்றது. மலேரியாவை ஒழிக்க 1946-இல் தொடங்கப்பெற்றது அது. 1983-இல் அம்மையம் வன்முறையை ஆராய்வதற்கென்று தனிப் பிரிவொன்றை அமைத்தது. நோயை ஆராயும் இடத்தில் வன்முைறக்கு என்ன வேலை என்று நீங்கள் வியக்கலாம். கொலையும் தற்கொலையும் இளைஞர்களைப் பெருந்தொகையில் பலிகொண்டு வந்ததே காரணம். காலராவும் அம்மையும் ஒருகாலத்தில் விதியென்றே கருதப்பட்டன. அவற்றை ஆராய்ந்த பிறகே அவை தடுக்கத்தக்கவை என்று உலகம் உணர்ந்தது. வன்முறையும் அவ்வாறே தடுக்கத்தக்கது என்பது இத்துறையினரின் அடிப்படைக் கொள்கை.

இப்பணியில் மருத்துவர்கள் மட்டும் இல்லை. சமூகவியல், உளவியல், பொருளியல், புள்ளியியல் கற்றோரும் இருக்கின்றனர். அவர்கள் நான்கு படிகளில் செயற்படுகின்றனர். எங்கே, எப்போது, யார்க்கு, எவ்வளவு வன்முறை நிகழ்கின்றது என்று கணக்கெடுத்தல் முதற்படி. அதனை வளர்ப்பவை எவை, அதிலிருந்து காப்பவை எவை என்று காணுதல் இரண்டாம் படி. தடுக்கும் வழியை வகுத்துச் சோதித்தல் மூன்றாம் படி. பயன் தந்த வழியை எங்கும் பரப்புதல் நான்காம் படி.

கணக்கெடுத்தல் எளிய செயலன்று. ஒருவர் வன்முறையால் இறந்தால் இறப்புச் சான்று ஓரிடத்தில் இருக்கும். பிணக்கூறாய்வு அறிக்கை வேறிடத்தில் இருக்கும். காவல்துறைப் பதிவு மற்றோரிடத்தில் இருக்கும். இம்மூன்றையும் ஒன்றாய் இணைத்துப் பார்க்கும் ஏற்பாட்டை அம்மையம் 2002-இல் ஆறு மாநிலங்களைக் கொண்டு தொடங்கியது. அது ஐம்பது மாநிலங்களையும் எட்டுவதற்கு 2018 ஆயிற்று.

பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஜோனதன் ஷெப்பர்ட் என்னும் முக அறுவை மருத்துவர், அடிபட்டு மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பாலோரைப் பற்றிக் காவல்துறைக்குத் தெரிவதே இல்லை என்று கண்டார். ஆகவே எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியால் அடிபட்டனர் என்பதை அவசரச் சிகிச்சைப் பிரிவில் கேட்டெழுதி, பெயரை நீக்கிவிட்டு, நகராட்சிக்கும் காவல்துறைக்கும் அளிக்கச் செய்தார். அவ்விடங்களில் உரிய ஏற்பாடுகள் செய்யப்பட்டன. அமெரிக்க மையத்தின் ஆய்வாளர்கள் இதனை மதிப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டனர். வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர், இலட்சம் பேர்க்கு மாதம் 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்திருந்தனர். ஒப்பிட்டுப் பார்த்த பிற நகரங்களிலோ அது 5-இலிருந்து 8 ஆக உயர்ந்திருந்தது.

இனி, இப்பணிக்கு நேர்ந்த இடையூற்றையும் அறிய வேண்டும். வீட்டில் துப்பாக்கி இருக்குமாயின் அவ்வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு மிகுதி என்று, அம்மையத்தின் நிதியுதவி பெற்ற ஆய்வொன்று 1993-இல் கூறியது. துப்பாக்கி ஆதரவாளர் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்த அந்நிதியைச் செலவிடலாகாது என்று 1996-இல் டிக்கி என்னும் உறுப்பினரின் பெயரால் சட்டத் திருத்தம் வந்தது. முன்னாண்டில் அவ்வாராய்ச்சிக்குச் செலவான 26 இலட்சம் டாலரும் குறைக்கப்பட்டது. சட்டம் ஆராய்ச்சியை நேரே தடை செய்யவில்லை. அச்சமே தடை செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்துறை வாடியது. அதே டிக்கி, தம்மோடு முன்னர் மாறுபட்டு நின்ற, அம்மையத்தின் காயத் தடுப்புப் பிரிவின் முன்னாள் இயக்குநருடன் சேர்ந்து, ஆராய்ச்சி மீண்டும் நடைபெற வேண்டும் என்று 2012-இல் எழுதினார். 2020-ஆம் நிதியாண்டிற்கே இரண்டரைக் கோடி டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது. 2025-இலோ அம்மையத்தின் வன்முறைத் தடுப்புப் பணியாளர் பலர்க்குப் பணிநீக்க அறிவிப்பு வந்தது. உண்மையை எண்ணிச் சொல்வோரை விரும்பாதவர் எந்நாட்டிலும் உண்டு என்பதையே இது காட்டுகின்றது.

அன்பர்களே! இப்பணி நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916-இல் சாதியின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை படித்தபோது ஒரு சமூக அறிவியல் மாணவராகவே நின்றார். நம் தமிழகத்தின் இளையபெருமாள் அவர்கள், 1965-இல் நடுவண் அரசு அமைத்த குழுவின் தலைவராக நாடெங்கும் சென்று தீண்டாமைக் கொடுமைகளைத் திரட்டி 1969-இல் அறிக்கை அளித்தார். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்றே அழைக்கின்றோம். தடுப்பு என்னும் சொல் அதன் பெயரிலேயே இருக்கின்றது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே இனங்காண வேண்டும் என்று 1995-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இனங்காண்பவர் யார்? எண்ணத் தெரிந்தவரன்றோ? நம் நாட்டின் குற்றக் கணக்கு காவல் நிலையத்தில் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவாகாதவற்றை யார் எழுதுவது?

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் மறையாது கூற வேண்டும். பல ஆண்டுகட்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், கையில் கட்டிய வண்ணக் கயிறு பற்றி எழுந்த சொற்போர் ஒரு மாலையில் கைகலப்பாயிற்று. நம் தெருவைச் சேர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவனின் நெற்றி பிளந்தது. மருத்துவமனையில், சைக்கிளிலிருந்து விழுந்ததாகச் சொல்லும்படி அவனிடம் சொன்னவன் நானே. இரு தரப்புப் பெரியவர்களையும் அழைத்துச் சமாதானம் செய்தேன். பள்ளியின் பெயர் கெடவில்லை என்று மகிழ்ந்தேன். அடுத்த மாதம் அவன் பள்ளியைவிட்டு நின்றான். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டான். என் பதிவேட்டில் அவன் இடைநின்ற மாணவன், அவ்வளவே. ஏன் நின்றான் என்பதை எந்த ஏடும் சொல்லாது. சொல்லாதபடி செய்தவன் நான்.

அதன்பின் ஒரு குறிப்பேடு வைத்தேன். பெயரும் சாதியும் இல்லாமல் நாள், நேரம், இடம், தொடங்கிய காரணம் ஆகியவற்றை மட்டும் எழுதினேன். ஆண்டிறுதியில் புரட்டியபோது, சச்சரவுகளிற் பெரும்பாலானவை பள்ளி விடும் மணிக்கும் பேருந்து வரும் நேரத்திற்கும் இடைப்பட்ட முக்கால் மணி நேரத்தில், பேருந்து நிறுத்தத்தில் நிகழ்ந்திருக்கக் கண்டேன். அந்நேரத்தில் விளையாட்டு நடத்தினோம். பேருந்து வரும்வரை ஆசிரியர் இருவர் உடன் நின்றனர். சச்சரவு குறைந்தது. சாதி ஒழிந்தது என்று சொல்லேன். அதன் வேர் பேருந்து நிறுத்தத்தில் இல்லை. ஆயினும் நான் அங்கிருந்தவரை இன்னொரு நெற்றி பிளக்கவில்லை.

2023-இல் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், தமிழக அரசு நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும் பள்ளிப் பெயர்களிலுள்ள சாதிப் பெயர்களை நீக்கவும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரைகள் எவ்வளவு பயன் தருகின்றன என்று பள்ளிதோறும் அளந்து கூற ஆராய்ச்சியாளர் தேவை. அடிபட்டவனின் மொழி தெரிந்தவர், அவன் மறைப்பதையும் கேட்டறிய வல்லவர் அப்பணிக்கு வர வேண்டும்.

ஆகவே அம்மாணவிக்கு என் விடை இது: உண்டு, மகளே, நம் நாட்டில் அப்பணி இன்னும் சிறிதாகவே உள்ளது, நீ சென்றால் வளரும். புள்ளியியலைக் கற்றுக்கொள். அவள் தந்தையார்க்கு என் விடை: ஐயா, நம் காயங்களை இதுவரை பிறரே எண்ணினர், சில வேளை எண்ணாமலும் விட்டனர். நம் பிள்ளைகள் எண்ணட்டும்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். மருத்துவம், பொறியியல் பயில்வோர்க்கு உதவுவதுபோல், சமூக அறிவியலும் புள்ளியியலும் பயிலும் மாணவர் ஒருவர்க்கேனும் இவ்வெள்ளி விழா ஆண்டு முதல் உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன். அதற்கு என் ஒரு மாத ஊதியத்தை முதல் நன்கொடையாக அளிக்கின்றேன்.